கொல்லாங்கொட்டைக்கு ஒரு ஓட்டு

காந்தாரி மிளகாயையும் சின்ன உள்ளியையும் கல்லுப்போடு சேர்த்து அம்மியில் நசுக்கி, அதன்மேல் பச்சைத் தேங்காய் எண்ணெயை ஊற்றும்போது மூக்கின் உச்சிவரை ஏறுமே ஒரு வாசம், என் சிறுவயதில் அதுதான் எனக்குத் தேர்தலின் வாசம். சுவரெழுத்தும் ஜீப்பும் ஒலிபெருக்கியுமாக வரும் பெரிய தேர்தல்கள் ஊருக்கு வந்துபோகும். எங்கள் வீட்டுத் தேர்தல் முற்றத்துப் பலாமரத்தடியில், வெந்த ‘மரச்சீனி’க் கிழங்கும் அந்தக் காந்தாரிச் ‘சம்மந்தி’த் துவையலும் பாலில்லாத ‘கட்டஞ்சாயா’வுமாக நடக்கும் கட்சியின் கிளை மாநாடு.

மார்த்தாண்டத்திலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது எங்கள் ஊர். அப்பா செல்லையன் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அம்மா தங்கம், எங்கள் பக்கத்தில் ‘அண்டியாபீஸ்’ என்று சொல்லப்படும் முந்திரி ஆலையில் தோல் உரிக்கிறவள். இரண்டு பேரும் ஒரே கட்சி, ஒரே கிளை. வீட்டுக்குள் “ஏட்டி” என்று அம்மாவைக் கூப்பிடுகிற அப்பா, கூட்டம் தொடங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு “தோழர் தங்கம்” என்பார். நானும் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

சில வருடங்களுக்கு ஒருமுறை மாநாட்டுக் காலம் வரும். முதலில் ஊர்க் கிளைகள், அப்புறம் வட்டாரம், அதற்கும் அப்புறம் மாவட்டம் என்று அது கீழேயிருந்து மேலே ஏறும். கிளை மாநாட்டில் கொடி ஏற்றி, இறந்தவர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்தி, செயலாளர் அறிக்கையை வாசித்து, அதை ஆளாளுக்குப் பிரித்து மேய்ந்து முடித்தபிறகுதான் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் கிளைக்குச் செயலாளர் தையல்கடை சத்தியநேசன் மாமாதான். அவர் பெயரைச் சொல்வார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள், கிழங்கு வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஜனநாயகம்.

அந்த வருடம் மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: “எனக்க கண்ணுக்கு ஊசிக் காதே தெரியல்ல, இனி ஊரை எங்க பாக்க? செல்லையன் பாத்துக்கிடட்டு.” ஊரும் அப்படித்தான் நினைத்தது. அப்பாவுக்கும் அதில் சந்தேகமே இல்லை. காலையில் பால் வெட்டும்போது ரப்பர் மரங்களைப் பார்த்து அவர் ஏற்புரை பேசிப் பழகுவதாக, பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிறவர் வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். மாநாட்டுக்காகவே புதிதாக ஒரு கரைபோட்ட துண்டும் வாங்கி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வருகிறவர்களும் வந்துசேர வேண்டுமென்று மத்தியானத்துக்கு மேல்தான் மாநாடு. மேல்கமிட்டியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு தோழர் தலைமை தாங்க வந்திருந்தார். ஆண்கள் முன்வரிசை பெஞ்சுகளில். அண்டியாபீஸ் பெண்கள் பின்னால் பாயில். ஆலையில் நடந்த ஒரு கூலிப் போராட்டத்துக்குப் பிறகு அவர்கள் பலபேர் கட்சியில் சேர்ந்திருந்தார்கள். ஆனால் கூட்டங்கள் பெரும்பாலும் அடுப்பு எரிகிற நேரத்திலேயே நடக்கும் என்பதால் அவர்கள் வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது.

சத்தியநேசன் மாமா அறிக்கையை வாசித்தார். உலக நிலைமை வந்தது, நாட்டு நிலைமை வந்தது, விலைவாசி வந்தது. முன்வரிசையில் இரண்டுபேர் நன்றாகவே தூங்கினார்கள். விவாதத்துக்கு அழைத்தபோது, அடுப்படியில் கிழங்கை வைத்துவிட்டு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள்.

“தோழர் எழுதின அறிக்கை கொள்ளாம், நல்லாத்தான் இரிக்கு. உலகம் முழுக்கச் சுத்தி வந்தாச்சு, நம்ம முக்குக்கு மட்டும் வரல்ல. காலத்தே வாற பஸ்ஸு நம்ம முக்குல நிக்காம போவுது. பிந்திப் போனா ஆபீஸ்ல கேட்டைப் பூட்டிப்போடுவினும், பாதிநாள் கூலி போச்சு. இதுக்கு அறிக்கையில ஒரு வரி உண்டா?”

“ரெண்டு மனு குடுத்தாச்சே, தங்கம்” என்றார் மாமா.

“மனு எழும்பிப் போய் பஸ்ஸை மறிக்குமா மாமா?”

பாயில் சிரிப்பு வெடித்தது. தூங்கியவர்களும் எழுந்துகொண்டார்கள்.

செயலாளர் தேர்வுக்கு வந்தார்கள். மாமா அப்பாவின் பெயரை முன்மொழிந்தார். அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டார். “வேற பேரு உண்டா தோழர்களே?” என்று தலைமைத் தோழர் வழக்கத்துக்காகக் கேட்டுவிட்டு, கைதட்டுவதற்காகக் கையையும் தூக்கிவிட்டார். அப்போதுதான் ரோசிலி அக்கா எழுந்தாள். அம்மாவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து தோல் உரிக்கிறவள், கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவள்.

“உண்டு. தோழர் தங்கம்.”

தலைமைத் தோழர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரே வீட்டில இருந்து ரெண்டு பேரா? கிளைக்கு ஒற்றுமைதான் முக்கியம். ஒருத்தர் விலகி மாறிக்கிட்டா சந்தோஷமா முடிச்சிரலாம்” என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது அம்மாவை.

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அவள் எதிர்பார்க்கவேயில்லை. ஆனாலும் மெதுவாகச் சொன்னாள்: “எனக்க பேரைச் சொன்னது ரோசிலியாக்கும். அவ மொதல்மொதலா வாய் தொறந்து சொன்னதை நான் இல்லாம ஆக்கமாட்டேன்.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. “நானும் மாறமாட்டேன்” என்றார் அப்பா. “நான் மாறினா நாளைக்கு ஊரு என்ன பறையும்? மாப்பிள்ளை விட்டுக்குடுத்த பதவியின்னுதானே பறையும்? ஓட்டு வையுங்க தோழர்.”

ரகசிய வாக்கெடுப்பு என்றால் பெயரை எழுதிப் போட வேண்டும். கிளையில் எழுதத் தெரியாதவர்கள் பலர். ஒருவர் காதில் சொல்லி இன்னொருவர் எழுதினால் அது ரகசியமில்லை. தலைமைத் தோழர் தவித்துக்கொண்டிருக்கையில் சத்தியநேசன் மாமா என்னைப் பார்த்தார். “மக்கா, நீ விளையாடுத ரப்பர் கொட்டை இரிக்கா?” இருந்தது, ஒரு டப்பா நிறைய. எங்கள் மரத்தில் பொறுக்கிக் காயப்போட்ட கொல்லாங்கொட்டையும், அதாவது தோடு உடைக்காத முந்திரி, பரணில் ஒரு சாக்கில் இருந்தது. ஆளுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று கொடுத்தார் மாமா. அம்மாவுக்கு என்றால் கொல்லாங்கொட்டை, அப்பாவுக்கு என்றால் ரப்பர் கொட்டை. கதவுக்குப் பின்னால் துணி மூடிய இரண்டு பானைகள். ஓட்டை இடது பானையிலும், வேண்டாததை வலது பானையிலும் போட வேண்டும்.

“சட்டத்தில இப்படியெல்லாம் இல்லியே” என்றார் தலைமைத் தோழர்.

“ரகசியமா இரிக்கணும்னுதானே தோழர் சட்டம்? கொட்டை வாய் தொறந்து பறையவா போவுது?” என்றார் மாமா.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்வந்தார். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கோயிலுக்குள் போகிறவளைப்போலத் தலைகுனிந்து போய்வந்தாள். நானும் தங்கையும் அடுப்படி வாசலில் நின்றோம். யார் ஜெயிக்க வேண்டுமென்று எனக்குத் தெரியவில்லை. யார் தோற்றாலும் அன்றைக்கு ஒருவர் சாப்பிடமாட்டார் என்றுதான் பயந்தேன். தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

இடது பானையைப் பாயில் கவிழ்த்தார்கள். வழவழப்பான புள்ளிபோட்ட ரப்பர் கொட்டைகள் உருண்டு ஓட, சாம்பல் நிறக் கொல்லாங்கொட்டைகள் அசையாமல் குவிந்து கிடந்தன. எண்ணாமலே தெரிந்தது. ஆனாலும் தலைமைத் தோழர் எண்ணினார். எண்ணி முடித்து அம்மாவின் பெயரை அறிவித்ததும் பாயிலிருந்த பெண்கள் சேர்ந்து குரவை இட்டார்கள். கட்சி மாநாட்டில் குரவைச் சத்தம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. வேலிக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் கல்யாணம் என்று நினைத்து எட்டிப்பார்த்தார்கள்.

அப்பா எழுந்துவந்து, தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து அம்மாவின் தோளில் போட்டு, கை கொடுத்தார். “வாழ்த்துகள் தோழர்.” அந்த மரங்களுக்கு முன்னால் பேசிப் பழகிய உரையில் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. “செயலாளர் இங்க இரிக்கட்டு. கிழங்கை நான் விளம்புதேன்” என்று அடுப்படிக்குள் நுழைந்தார்.

இலையில் விழுந்த கிழங்கை ஒரு வாய் தின்ற ரோசிலி அக்கா, “உப்பு இல்ல கேட்டேளா” என்றாள். அப்பா அகப்பையோடு நிமிர்ந்து நின்று, “சுயவிமர்சனமா ஏத்துக்கிடுதேன்” என்றார். தலைமைத் தோழருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

ஆனாலும் அப்பாவுக்கு வலித்தது, அம்மாவுக்கும் அது தெரியும். ஒருநாள் சாயாவை நீட்டியபடி, “நாளைக்குக் காலத்தே பஸ்ஸை மறிக்கோம். கோஷம் போட நல்ல தொண்டையுள்ள ஆளு வேணும், வாறேளா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அப்பா அந்தப் பெண்களுக்கு நடுவே, முக்குச் சாலையின் குறுக்கே நின்று, ரப்பர் காடெல்லாம் எதிரொலிக்கக் கோஷம் போட்டார். பஸ் நின்றது. டிரைவர் திட்டினார், போலீஸ் வந்தது, டிப்போவிலிருந்து ஓர் அதிகாரியும் வந்தார். அந்த வாரத்திலிருந்து எங்கள் முக்கில் பஸ் நிற்கத் தொடங்கியது. அதற்கப்புறம் அப்பா எங்கே போனாலும் “எங்க செயலாளர்” என்று அம்மாவைப் பற்றிப் பேசாமல் வரமாட்டார்.

அந்த அண்டியாபீஸ் இன்றைக்கு இல்லை. பலாமரமும் வீடு கட்டும்போது போய்விட்டது. சத்தியநேசன் மாமாவும் போய்விட்டார். மாநாடுகள் குளிர்சாதன மண்டபத்தில் நடக்கின்றன. யார் யார் எந்தப் பொறுப்புக்கு என்பது அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. விடுமுறைக்குப் போயிருந்தபோது மூத்த உறுப்பினரான அம்மாவை நான்தான் ஆட்டோவில் ஒரு மாநாட்டுக்குக் கூட்டிப்போனேன். பெயரை வாசித்து முடிப்பதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள். புதிய செயலாளர் படித்த, நல்ல பையன். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிரியாணி நன்றாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும், கட்டிலில் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கி, “ஆரு செயலாளர்?” என்று கேட்டார். அம்மா பெயரைச் சொன்னாள்.

“எதுத்து நின்னது ஆரு?”

“ஆரும் நிக்கல்ல.”

“அய்யோ, பாவம் பய” என்றார் அப்பா.