வைசாலேயின் மூன்றாவது சோதனை

கெட்டிலை எடுக்கப் போன வைசாலே பாதியில் நிற்கிறார். சுவிட்சை அணைத்து, அதில் சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிடுகிறார்: 'ஆள் வேலையில் இருக்கிறார். தொடாதே.' பிறகு கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் மீட்டரை எடுத்து, கரண்ட் உள்ள ப்ளக்கில் ஒருமுறை, அணைத்த ப்ளக்கில் ஒருமுறை, மறுபடி கரண்ட் உள்ளதில் ஒருமுறை வைத்துப் பார்க்கிறார். அதற்குள் வெந்நீர் ஆறிவிடுகிறது.

"ஏங்க, டீ ஊத்தப் போறீங்களா, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?" என்கிறாள் மனைவி மெரெசைனி.

ஃபிஜியில் ஒரு சர்க்கரை ஆலையில் பதினெட்டு வருடம் எலெக்ட்ரீஷியன். எந்த மோட்டார் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இறங்கியதும் அத்தனையும் செல்லாக்காசு. இங்கே தேர்வில் தேறி முழு லைசென்ஸ் வாங்கும்வரை, லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்காமல் கம்பியைத் தொடக்கூடாது. அந்த ஒருவன் லாக்லன். வயது இருபத்திரண்டு, வைசாலேயின் மூத்த மகளைவிடச் சின்னவன்.

"தொட்டுறாதீங்கண்ணே, வந்துடுறேன்" என்று லாக்லன் ஒதுங்கப் போனால், வைசாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "அவனுக்கு மூத்திரம் வந்தா என் வேலை நின்னுபோவுது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்; உள்ளுக்குள் வேகும்.

முதல் தேர்வில் அவரைக் கவிழ்த்தது அவருடைய அனுபவமேதான். கரண்ட் இல்லை என்று மீட்டர் காட்டியதும், கை தானாகக் கம்பிக்குப் போய்விட்டது. "மீட்டரே செத்திருந்தா?" என்றார் தேர்வு நடத்திய அம்மாள். ஃபெயில். அதுவரை வேலை செய்யத் தந்திருந்த தற்காலிக அனுமதி முடிய ஒரு மாதமே இருந்தது. அன்று தொடங்கியதுதான் கெட்டில் கூத்து.

இரண்டாம் தேர்வு. நடத்தியது அதே அம்மாள்தான். கரண்ட் உள்ள ப்ளக்கில் மீட்டர் ஒழுங்காகக் காட்டியது. அணைத்த கம்பியில் பூஜ்யம். மூன்றாவதாக மறுபடி ப்ளக்கில் வைத்தார். அங்கேயும் பூஜ்யம்!

வைசாலே இரண்டடி பின்வாங்கினார். "வேற மீட்டர் குடுங்கம்மா. இத நம்பி நான் கை வைக்க மாட்டேன்."

அம்மாள் மீட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பேட்டரி இப்பத்தான் போயிருக்கு. போன தடவ மாதிரி நீங்க கை வெச்சிருந்தா..." முடிக்காமல், தன் சொந்த மீட்டரைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வைசாலே முதலிலிருந்து ஆரம்பித்தார்.

லைசென்ஸ் வந்த அன்று, தேங்காய்ப்பால் மீனும் சேப்பங்கிழங்குமாக வீடு திமிலோகப்பட்டது. தேவாலயத்துப் பாடகர் கூட்டம் முழுக்க வந்து தின்று தீர்த்தது. மெரெசைனி அழுதுகொண்டே பரிமாறினாள்.

மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. பழக்கதோஷத்தில் லாக்லன் முன்னால் போய், மின்பலகை அறையின் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"தம்பிக்கு இங்க என்ன வேலை?"

"பாக்கணும்ல..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வைசாலே அவன் தோளில் கைபோட்டு வாசல்வரை அழைத்துப்போய் விட்டார். உள்ளே திரும்பிவந்து கதவைச் சாத்திக்கொண்டார்.