கத்தரிப் பாத்தியில் தேங்கிய நீர்

குளிர் முதலில் முதுகில் ஏறியது. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தேன். கொதிக்கும் அண்டாவுக்கு எதிரே நின்றும் பற்கள் கிட்டித்தன. ஐப்பசி மழைக் காய்ச்சல்தான் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துத் தூதுவளையையும் கற்பூரவள்ளியையும் கொதிக்கவைத்துக் குடித்தேன்.

கிளியனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் நிலம். ஆடியில் கத்தரியும் வெண்டையும் போடுவோம். தையில் பந்தல் முழுக்க அவரை தொங்கும். கோடையில் கீரை மட்டும். சர்க்கரை நோய் வந்தபிறகு அந்தத் தோட்டத்தையே மருந்தாக நம்பினேன். மாத்திரையை மறந்த நாள் உண்டு, கீரையை மறந்த நாள் இல்லை. சர்க்கரை நோயோடு மண்ணில் இறங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், அது தவறான நம்பிக்கை.

பத்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. திண்டிவனத்தில் ஒரு டாக்டர் டைபாய்டுக்கு மருந்து கொடுத்தார். இன்னொருவர் எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோயோ என்று சந்தேகப்பட்டார். சளியில் அந்தக் கிருமி இல்லை. அதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவர், அதிலேயே என்னைப் புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

அங்கே பிளட் கல்ச்சர் (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) எடுத்தார்கள். நான்காம் நாள் இளம் பெண் மருத்துவர் ஒருவர் என் கட்டிலருகே வந்தார்.

“வயல் வேலை செய்றீங்களாம்மா?”

“இல்லீங்க. வூட்டுத் தோட்டந்தான்.”

“மழைத் தண்ணியில வெறுங்காலோட எறங்குனீங்களா?”

இறங்கினேன். கத்தரிப் பாத்தியில் நீர் தேங்கி வேர் அழுகிவிடும் என்று, வெடித்த குதிகாலோடு சேற்றில் நின்று மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினேன். பக்கத்தில் என் மகள் பிரீத்தி பக்கெட்டால் நீரை இறைத்துக்கொண்டிருந்தாள்.

நோயின் பெயர் மெலியாய்டோசிஸ் (மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது, சர்க்கரை நோயாளிகளைக் கடுமையாகத் தாக்கும்). இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போயிருந்தது.

“எம் பொண்ணும் அந்தத் தண்ணியில நின்னுச்சுங்க” என்றேன்.

“அவங்களுக்குச் சர்க்கரை இல்லல்ல? காய்ச்சல் வந்தா மட்டும் ஒடனே கூட்டியாங்க.”

அன்றிலிருந்து மணிக்கொருமுறை பிரீத்திக்குப் போன் செய்தேன். “ஒடம்பு சுடுதா?”

“இல்லம்மா. இப்பத்தான கேட்ட?”

எதிர்க் கட்டிலில் அதே நோயோடு ஓர் அம்மா இருந்தார். ஒரு காலையில் அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களா என்று நர்ஸிடம் கேட்டேன். அவர் என் டிரிப்பின் வேகத்தைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார்.

மூன்று வாரம் ஊசி. பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

கிளம்பும் நாளில் கணவர் மருத்துவரிடம், “தோட்டத்த மொத்தமா சிமெண்ட் போட்டு மூடிடறேங்க” என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

“அந்தக் கிருமி ஒங்க தோட்டத்துல மட்டுமா இருக்கும்? ஊரையே மூட முடியுமாங்க? சர்க்கரைய அடக்கி வெக்கச் சொல்லுங்க. மழையில எறங்க வேணாம். மத்த நாள்ல பூட்ஸ், கையுறை போட்டுக்கட்டும்.”

வீட்டுக்கு வந்தபிறகு பின்கதவையே நான் திறக்கவில்லை. மழை பெய்தால் ஜன்னலையும் சாத்தினேன். பிரீத்தி பறித்து வந்த கீரையைத் தண்ணீர் தெளிந்தபிறகும் அலசினேன். தையில் அவரை காய்த்தது. அதைத் தட்டில்தான் பார்த்தேன். மாத்திரை முடிந்து, சோதனையில் கிருமி இல்லை என்று வந்தபிறகும் மண் வாசம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது.

இந்த ஆடியில் பிரீத்திதான் விதைத்தாள். ஆவணியில் ஒரு நாள் தோட்டத்திலிருந்து கூப்பிட்டாள்.

“அம்மா, வெண்டக்கா முத்திப்போவுது. நான் களையெடுத்துக்கினு இருக்கேன், நீ வந்து பறி. மண்ணு காஞ்சுதான் கெடக்குது.”

பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நான்கு காய் பறித்திருப்பேன், கையில் ஒரு தூறல் விழுந்தது. ஓடி வந்து சோப்பு கரையும்வரை கழுவினேன்.

மண்ணைத் தொட்டு மூன்று வாரம் வரைகூடக் காய்ச்சல் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். என் நாட்கள் இப்போது விதைப்பு, அறுப்பு என்று நகர்வதில்லை. மழையிலிருந்து மழைக்கு எண்ணுகிறேன். விடிந்ததும் முதலில் என் நெற்றியையும் பிறகு தூங்கும் பிரீத்தியின் நெற்றியையும் தொடுகிறேன்.

இன்று பதினான்காம் நாள். இரண்டும் குளிர்ந்திருக்கின்றன.