தங்கச்சி கேட்ட கதிரை

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள். அப்பா, யன்னல் பக்கத்துக் கதிரையில். அம்மா, குசினி வாசலில் நிலத்தில். வேதக்கோயில் சுவாமி, பூசை முடிந்த கையோடு, அங்கி மாற்றாமல். தங்கச்சிக்கு யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பித்த சேர், முதல் படகில் வந்து, வழியில் வாந்தி எடுத்த களைப்போடு. கனடாச் சித்தப்பா, அம்மாவின் போனுக்குள். போனை, சீனி வைக்கிற தகரப் பேணியில் சாத்தி வைத்திருந்தோம். நான், கதவு நிலையோடு. கடைசியாகத் தங்கச்சி. எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வெறும் தட்டத்தைப் பிடித்தபடி நின்றாள்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. எங்கள் நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாணப் பக்கத்துக் குறிகட்டுவான் துறைக்கும் ஓடுகிற பயணிகள் படகில் எஞ்சின் பார்க்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்த அறையில் நான் கண்டதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று கனகாலமாக இருந்தது.

தங்கச்சி, பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரச் சோதனையை இரண்டு தரம் எடுத்தவள். இரண்டாம் தரம் மூன்று பாடத்துக்கும் ஏ வந்தது. ஊர் அதோடு முடிவு கட்டிவிட்டது. விளையாட்டுக் கழகப் பெடியள் இறங்குதுறையில் பதாகை கட்டினார்கள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு அவள் படம், பக்கத்தில் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாயின் படம், கீழே ‘எங்கள் தீவின் டொக்டருக்கு வாழ்த்துக்கள்’. அப்பா ஒவ்வொரு நாளும் வலை இழுத்து வந்து அதற்குக் கீழேதான் நண்டு பிரிப்பார். இன்ன புள்ளிக்கு மேல்தான் எடுப்போம் என்கிற வெட்டுப்புள்ளி ஒன்று மாதக் கணக்கில் பிந்தி வரும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. தீவுப் பிள்ளையும் யாழ்ப்பாண ரவுணில் படித்த பிள்ளையும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி. அது வந்தபோது தங்கச்சி ஒரு நூலளவு வெளியில் நின்றாள். மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் இரண்டாவதாக எழுதியிருந்த படிப்புக் கிடைத்தது. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். அப்படி ஒரு படிப்பு இருப்பதை அப்பா அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.

சிக்கல் இதுதான். அந்த இடத்தை எடுத்துப் பதிந்தால் பிறகு டொக்டர் படிப்புக்கு இங்கே கேட்க ஏலாது. எடுக்காமல் விட்டால் மூன்றாம் தரம் சோதனை எழுதலாம். அதுதான் கடைசித் தரம். பதிவு வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதனால்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

சேர் மூன்றாம் தரம் எடுக்கச் சொன்னார். காசு வேண்டாம், தானே பொறுப்பு என்றார். சித்தப்பா வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் சொன்னார், செலவு முழுக்கத் தன்னுடையது, பெடிச்சி டொக்டராகத்தான் திரும்பி வருவாள் என்றார். சுவாமி அவசரப்பட வேண்டாம் என்றார். அம்மா, அந்தப் படிப்புப் படித்தால் ஊசி போட விடுவார்களோ என்று கேட்டா.  பிறகு சேருக்கு ஒன்று நினைவு வந்தது.

“ரண்டாவதாப் பல் வைத்தியம் எழுதியிருந்தாலும் கிடைச்சிருக்குமே, பிள்ளை. ஆர் உமக்கு இதை எழுதச் சொன்னது?”

அப்பா யன்னல் பக்கம் இருந்து குறுக்கே வந்தார். 

“ஊர் டொக்டர் எண்டு சொல்லிப்போட்டுது. இனித் துறையடியில நான் என்னெண்டு சொல்லுறது? என்ர பிள்ளை மூத்திரப் போத்தல் பாக்கிறாள் எண்டோ?”

தங்கச்சி தட்டத்தை மேசையில் வைத்தாள்.  

“அம்மாக்குக் காய்ச்சல் வந்த நேரம் பெட்டி மாறினதல்லோ, அப்பா. அந்தக் கதை உங்களுக்கு முழுசாத் தெரியாது.”

அந்தக் கதையில் முதல் பாதி எங்கள் படகில் நடந்தது. அதைச் சொல்ல என்னால் முடியும். மற்றப் பாதியை நானும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

எங்கள் படகில் சூடு படக்கூடாத சாமான் எல்லாவற்றுக்கும் ஒரே இடம். முன்பக்கத்தில், அணியத்துப் பலகைக்குக் கீழ். மீன், நண்டு, கலியாண வீட்டுக் கேக், ஆஸ்பத்திரி இரத்தம், எல்லாம் அங்கேதான். மேலே கடல் தண்ணீரில் நனைத்த சாக்கு ஒன்று போடுவோம். அது நாங்கள் பெறுமதியான சாமானுக்குக் கொடுக்கிற மரியாதை. ஊர் ஆஸ்பத்திரியில் செய்ய ஏலாத சோதனைக்கு இரத்தத்தைச் சின்னக் குழாய்களில் அடைத்து, ஐஸ் வைத்த, சூடு ஏறாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் யாழ்ப்பாணம் அனுப்புவார்கள். நண்டு போவதும் அதே மாதிரி வெள்ளைப் பெட்டியில்தான். பெட்டி மாறிய அன்று வாடைக் காற்று. அலை உள்ளே அடித்து, ஈரச்சாக்குக்குக் கீழ் ஆஸ்பத்திரிப் பெட்டியில் ஒட்டியிருந்த தாள் ஊறிக் கழன்றுவிட்டது. குறிகட்டுவானில் இறக்கும்போது நண்டு ஏற்றுகிற வான்காரர் ஒரு பெட்டியைத் தூக்கினார், ஆஸ்பத்திரி ஆள் மற்றப் பெட்டியைத் தூக்கினார். இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனார்கள்.

யாழ்ப்பாணம் போகிற வழியில், மண்கும்பானில் நண்டு வாங்குகிற கொட்டிலில் பெட்டியைத் திறந்தவர் எனக்குப் போன் எடுத்தார். “தம்பி, நண்டு இப்ப குழாயிலயோ வருது?” என்று கேட்டார்.  அந்தக் குழாய்களில் ஒன்று எங்கள் அம்மாவுடையது. அம்மா காய்ச்சலோடு ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தா. இரத்தத்தில் சிறுதட்டு என்று ஒன்று இருக்கிறதாம். அதன் எண்ணிக்கை விழுந்திருந்தால் அம்மாவை உடனே யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கடல் கடத்த வேண்டும். விழாமல் இருந்தால் அந்தக் கடலில் ஏற்றுவதுதான் ஆபத்து. எதைச் செய்வது என்று டொக்டர் அந்த முடிவுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை இறக்கிய நண்டு வானோ அங்கிருந்து திரும்பி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. நான் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். இரண்டாம் தரம் சோதனை எழுதி முடித்துவிட்டு, யாழ்ப்பாண விடுதியில் நின்று சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. “சரி அண்ணை, நான் எடுக்கிறன்” என்றாள். வைத்துவிட்டாள்.

இனி அவள் சொன்னது. பஸ் ஏறி மண்கும்பான் போய், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறாள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மற்றப் பெட்டியைத் திறந்து போட்டிருந்தார்கள். ஐஸுக்குள் கிடந்தும் சாகாத நண்டுகள் இரண்டு மேசைக்குக் கீழே போய்விட்டன, அங்கே வேலை பார்க்கிற ஒரு பிள்ளை கதிரையில் ஏறி நின்றாள். “அது எங்கட நண்டுதான், அப்பா” என்று தங்கச்சி சொன்னாள். சுவாமி சிரித்துவிட்டார். “அப்ப என்ர ரத்தம் நண்டுக் கொட்டிலிலயோ கிடந்தது?” என்று அம்மா கேட்டா. அப்பா சிரிக்கவில்லை.

பெட்டி பிந்தி வந்ததால் மெசின் காட்டிய கணக்கை அங்கே ஒருவரும் நம்பவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட அக்கா ஒருவர் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, காயவிட்டு, சாயம் போட்டு, கதிரையை இழுத்துக்கொண்டு நுணுக்குக்காட்டிக்கு முன் இருந்தா. தங்கச்சி சுவரோடு நின்றாள். அந்த நேரம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டொக்டரின் போன். காற்று எழும்புகிறது, அம்மாவைப் படகில் ஏற்றுவதென்றால் இப்போதே ஏற்ற வேண்டும், என்ன முடிவு என்று கேட்டிருக்கிறார். அந்த அக்கா கண்ணை எடுக்கவில்லை.

“‘பொறுங்கோ டொக்டர்’ எண்டா. டொக்டர் பொறுத்தவர். கன நேரம் பொறுத்தவர். அம்மாவைக் கடலில ஏத்திறதோ விடுறதோ எண்டு அந்தக் கதிரையில இருந்துதான் சொன்னது, அப்பா. ‘சிறுதட்டு விழேல்லை, ஏத்த வேண்டாம்’ எண்டா. பிறகு என்னைக் கூப்பிட்டு, வந்து பாரும் எண்டா. அம்மான்ர ரத்தத்தை நான் பாத்தனான்.” அவள் அப்பா பக்கம் ஓரடி வைத்தாள். “எனக்கு அந்தக் கதிரை வேணும்.”

  சித்தப்பாவின் லைன் விழுந்துவிட்டதோ என்று அம்மா கேட்க, “இருக்கிறன் அண்ணி” என்று பேணிப் பக்கமிருந்து மெதுவாகக் கேட்டது. சேர் மட்டும் விடவில்லை. அப்படியென்றால் முதலாவதாகவே அதை எழுதியிருக்கலாமே என்றார். தங்கச்சி அவரைப் பார்த்தாள். “எழுதத்தான் நினைச்சனான், சேர். துறையடியில என்ர படம் தொங்கினது. பயந்துபோனன்.”

அப்பா எழும்பினார்.

“அந்தக் கதிரையில இருக்கிறவளை ஆருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது, அப்பா.”

அவள் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. நான் கடலில் பயந்த மனிதர்களைக் கண்டிருக்கிறேன். நேர்த்தி வைப்பார்கள், கத்துவார்கள், எஞ்சினை அடிப்பார்கள்.  ஒரு தீவு முழுக்கத் தந்த பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவருக்கும் தெரியாத ஓர் இடத்தை எனக்குத் தாருங்கள் என்று கேட்கிற ஆளை நான் அதற்கு முந்திக் கண்டதில்லை. இருபது வயதுக்காரி. நான் தூக்கி வளர்த்தவள். அந்தத் துணிவு எங்கே இருந்தது, எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டிகளை நான்தான் எத்தனையோ வருடம் ஏற்றி இறக்கினேன். உள்ளே இருப்பது போய்ச் சேர்ந்தபிறகு என்ன நடக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் ஒரேயொரு தரம் தூக்கினாள்.

அப்பா நேரே துறைக்குப் போனார். பதாகையின் கயிற்றைத் தானே வெட்டினார். அதைக் கிழிக்கவில்லை, எறியவும் இல்லை. தன் மீன்பிடி வள்ளத்து எஞ்சினுக்கு மேலே போர்த்தினார், படம் உள்பக்கமாக. அன்றிலிருந்து தங்கச்சியோடு கதைக்கவில்லை. கோபித்துச் சத்தம் போட்டிருந்தால் நல்லது. “சாப்பிடச் சொல்லு” என்பார் அம்மாவிடம். அவள் பக்கத்தில்தான் நிற்பாள். வெள்ளிக்கு முதல் நாள் நான் அவளைப் படகில் கூட்டிப்போய்ப் பதிய வைத்தேன். அப்பா வலைக்குப் போயிருந்தார்.

அவள் லீவுக்கு வந்தாள், போனாள். நத்தாருக்கு அப்பாவுக்குச் சேட்டு வாங்கி வந்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார், ஆனால் ஒரு சொல் சொல்லவில்லை. தங்கச்சி அதற்கு அழுததையும் நான் காணவில்லை. ஒரு தரம் படகில் போகும்போது மட்டும் கேட்டாள், “அப்பா எப்பவாவது என்னைக் கேக்கிறவரோ, அண்ணை?” நான் எஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தேன்.

இப்போது அவள் படித்து முடித்து, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். இரவு வேலையென்றால் அம்மாவுக்குப் போன் வராது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். எங்கள் படகில் ஆஸ்பத்திரிப் பெட்டி இப்போதும் போகிறது. பலகைக்குக் கீழ் வைப்பதில்லை. என் மடியில் வைத்திருப்பேன். பயணிகள் பகிடி பண்ணுவார்கள், பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கிறாய் என்று. பண்ணட்டும்.

அவள் படிப்பில் மூன்றாம் வருடம் நடந்த ஒன்றோடு இதை முடிக்கிறேன். கம்பஸ் பிள்ளைகள் கண்காட்சி ஒன்று வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சனமும் வந்து பார்க்கலாம். வலைநூல் வாங்க வேண்டும் என்று சொல்லி அப்பாவை யாழ்ப்பாணம் கூட்டிப்போனேன். வாசலில் வைத்துத்தான் அவருக்கு விளங்கியது. திரும்பவில்லை. செருப்பைக் கழற்றினார். கழற்றத் தேவையில்லை என்றேன், கேட்கவில்லை. வெறுங்காலோடு உள்ளே வந்து, பள்ளிப் பிள்ளைகளின் வரிசையில் நின்றார். வரிசை முடிகிற மேசையில் தங்கச்சி, வெள்ளைக் கோட்டோடு, கதிரையில்.

அவரைக் கண்டதும் அவள் எழும்பவில்லை, அழவில்லை. “கையைத் தாங்கோ, அப்பா” என்றாள். அப்பா நீட்டினார். உப்பிலும் கயிற்றிலும் காய்ச்சுப்போன விரல். ஊசி இரண்டாம் தரம்தான் இறங்கியது. அவள் துளியை இழுத்தாள், காயவிட்டாள், சாயம் விட்டாள், கழுவினாள். அவ்வளவு நேரமும் பின்னால் நின்ற பிள்ளைகள் பொறுத்துக்கொண்டு நின்றார்கள். முதலில் நுணுக்குக்காட்டியில் என்னைப் பார்க்க விட்டாள். ரோசா நிறத்தில் வட்டம் வட்டமாக, இடம் இல்லாமல், கரைவலையில் சூடை மீன் வந்து குவிகிற மாதிரி. இடையிடையே ஊதாவாகச் சில, பெரிதாக.  இத்தனை வருடம் ஒரே வள்ளத்தில் வலைக்குப் போன அப்பாவுக்குள்ளே இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருவருக்கும் தெரியாமல்.

பிறகு அப்பா குனிந்தார். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியவில்லை. தங்கச்சி அவர் முகத்தில் கை வைத்து ஒரு கண்ணை மெல்ல மறைத்தாள். “ஊதாவாத் தெரியிறது எத்தினை எண்டு எண்ணிச் சொல்லுங்கோ” என்றாள். அப்பாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நெடுநேரம் அப்படியே இருந்தார். பின்னால் ஒரு பெடியன் மற்றவனிடம், “பெரியவர் நித்திரையாப் போனாரோ” என்றான். தங்கச்சி திரும்பி அவனைப் பார்த்து, “பொறும்” என்றாள்.

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவளை நேரே பார்த்துச் சொன்னார்.

“ஆறு.”