பதிகம் பாடி அளந்த எண்ணெய்

1. ஐஸும் இளநீரும்

"இன்னா மேஸ்திரி, ஐஸ் கேட்டா இளநி குடுத்து அனுப்பறீங்க?"

எல்லம்மா இப்படிக் கேட்டபோது ஐஸ் பிளான்ட் முற்றத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கோட்டைக்குப்பத்திலிருந்து சென்னைக்கு இறால் அனுப்பும் வியாபாரி அவர். அவர் உடைத்த ஐஸ் கட்டியின் நடுவே உறையாத தண்ணீர் இருந்தது. அது அவருடைய சேலை ஓரத்தை நனைத்துக்கொண்டு தரையில் ஓடியது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த அந்த ஐஸ் பிளான்ட்டில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றினேன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் மேஸ்திரியாக இருந்தேன். இது நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்தது. கம்ப்ரஸர்களோடு பழகும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அந்த வாரம் முழுவதும் கட்டிகள் அப்படித்தான் வந்தன. வெளியே கல் போலவும் உள்ளே நீராகவும் இருந்தன. முதலாளி தொலைபேசியில் அழைத்துத் தம் முடிவைச் சொல்லிவிட்டார். இரவு ஷிப்ட் ஆபரேட்டர் முனுசாமி மெஷினை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார் என்பது அவர் கணிப்பு.

"சனிக்கிழமையோட அவனை நின்னுக்கச் சொல்லிடுங்க மேஸ்திரி. உங்க வாயாலயே சொல்லிடுங்க."

முனுசாமி பக்கத்துத் தோணிரேவு ஊர்க்காரர். நாற்பத்தைந்து வயது. இரண்டு பெண்கள், இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். பத்து ஆண்டுகளாக இரவு ஷிப்டை முகம் சுளிக்காமல் பார்த்தவர். நான் நெற்றி நிறைய நீறு பூசுகிறவன் என்பதால் என்னைச் சாமி என்றே அழைப்பார். செய்தியைச் சொன்னதும் கைகளைத் துடைத்துக்கொண்டே என் அருகில் வந்தார்.

"எங்க நைனா மேல ஆணையா கண்ணு மூடல சாமி. அந்தப் புது எண்ணெ ஊத்தினதுலேர்ந்துதான் மெஷினு இப்பிடிப் பண்ணுது. அன்னிக்கே சொன்னேன், நீங்க காதுல வாங்கல."

சொல்லியிருந்தார். எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த எண்ணெயை வாங்கி வந்தவன் நான்.

2. தகட்டில் இருந்த எண்

எங்கள் கம்ப்ரஸர் மிகப் பழையது; எங்களுக்கு முன்பே யாரிடமோ உழைத்துவிட்டு வந்தது. அதற்கு வழக்கமாக ஊற்றிய எண்ணெய் சந்தையில் நின்றுபோயிற்று. எண்ணெய் விவரம் கம்ப்ரஸரில் பதித்த தகட்டில் இருக்கும். உப்புக்காற்றுக்கு அஞ்சி ஆண்டுதோறும் படகுக்கு அடிக்கிற பெயின்ட்டையே மெஷினுக்கும் அடித்துவிடுவோம். அப்படி அடித்து அடித்துத் தகட்டில் சிறிய எழுத்தெல்லாம் மூடிவிட்டது. பெரிதாகப் புடைத்திருந்த 300 என்ற எண் மட்டும் தெரிந்தது.

அதைக் குறித்துக்கொண்டு மீஞ்சூர் கடைக்குப் போனேன். முந்நூறாம் நம்பர் எண்ணெய் கிடையாது, முந்நூற்றிருபது இருக்கிறது என்றார்கள். இருபதில் என்ன வந்துவிடப் போகிறது என்று வாங்கி வந்தேன். டின்னைத் திறந்த முனுசாமி, தேன் போல ஒழுகுகிறதே என்றார். கிழட்டு மெஷினுக்குக் கெட்டியாக இருந்தால்தான் நல்லது என்று வாயை அடைத்தேன். அன்றிரவே அவர் லாக் புத்தகத்தில் 'ஸ்டார்ட் பண்றப்போ ஆம்பியர் ஜாஸ்தி' என்று, அதாவது மோட்டார் திணறிக் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது என்று, எழுதியிருக்கிறார். காலையில் அதன் கீழே கையெழுத்துப் போட்டவன் நான். படிக்காமல் போட்டேன்.

3. ஒரு பாட்டும் ஐந்து பாட்டும்

வியாழக்கிழமை விடியலில் முனுசாமி என்னைப் பிரைன் டேங்க் பக்கம் அழைத்துப் போனார். ஐஸ் கட்டிகள் உறையும் அந்த உப்புநீர்த் தொட்டிக்குள் ஓடும் காயில் குழாயில் அம்மோனியாவோடு கொஞ்சம் எண்ணெயும் போய்த் தங்கும். அதை அடியிலுள்ள வால்வு வழியே வடிப்பது வழக்கம். அவர் வால்வைத் திறந்தார். முன்பெல்லாம் ஓடி வரும் எண்ணெய், கரைத்த புளியின் அடிமண்டி போல முனையில் தொங்கி நின்றது. காயிலின் உட்புறம் முழுவதும் அப்படிப் பூசிக்கொண்டிருந்தால் குளிர்ச்சி எப்படி வெளியே வரும்? கட்டியின் நடு எப்படி உறையும்?

பழைய எண்ணெய் அரை பாட்டில், கதவுக் கீல்களுக்கென்று எடுத்து வைத்தது, அலமாரியில் இருந்தது. ஒரே அளவான இரண்டு பால் டின்களை எடுத்து, ஒரே ஆணியால் அடியில் துளையிட்டேன். இரண்டு எண்ணெயையும் ஒரே வெந்நீரில் வைத்துச் சம சூடாக்கினேன். துளையை விரலால் மூடிப் பழைய எண்ணெயை நிரப்பினேன். முனுசாமி நேரம் பார்க்கக் கைப்பேசியை எடுத்துவரப் போனார். அவர் வருவதற்குள் விரல் வழுக்கிவிட்டது. எண்ணெய் ஓடத் தொடங்கிற்று. மெயின் சுவிட்சைத் தொடுமுன் நாள்தோறும் ஒரு பதிகம் பாடுவது என் வழக்கம். அன்று இன்னும் பாடியிருக்கவில்லை. மனத்தின் கலக்கத்தில், எண்ணெய் ஓடத் தொடங்கிய அதே கணத்தில், என்னை அறியாமலே பாடத் தொடங்கியிருந்தேன். முதல் பாட்டின் கடைசி அடியில் எண்ணெய் நூலாகி அறுந்தது.

முப்பது ஆண்டுகளாக அதே பண்ணில், அதே நடையில் பாடுகிறேன். கடிகாரம் எதற்கு? புது எண்ணெயை நிரப்பி, விரலை எடுத்துவிட்டு மறுபடி முதல் பாட்டிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் பாட்டு முடிந்தது. மூன்றாம் பாட்டு முடிந்தது.

"பதிகமே முடிஞ்சிடும் போலக்கீது சாமி," என்றார் முனுசாமி, கைப்பேசியைக் கையில் பிடித்தபடி.

ஐந்தாம் பாட்டு முடிகையில்தான் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டின்னில் ஓடிய நேரத்தை நான் பாட்டால் எண்ணியது போல, தகட்டைச் செய்தவனும் நேரத்தையே எண்ணியிருக்க வேண்டும். ஸ்கிரேப்பரை எடுத்துத் தகட்டின் பெயின்ட்டைச் சுரண்டினோம். 300-க்குப் பக்கத்தில் எஸ்.எஸ்.யு. என்ற மூன்று எழுத்துகள் வெளிவந்தன. சேபோல்ட் செகண்ட்ஸ் யுனிவர்சல். குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட துளை வழியே அறுபது மில்லி எண்ணெய் வடிய முந்நூறு வினாடி ஆகும் என்பது அதன் பொருள். நான் வாங்கிய டின்னில் இருந்த 320 என்பதோ சென்டிஸ்டோக்ஸ் கணக்கு. இரண்டும் எண்ணெயின் தடிப்பை, அதாவது பாகுநிலையை, சொல்பவைதாம். ஆனால் அளவுகோல் வேறு.

அலுவலக அலமாரியில் இருந்த பழைய கைப்புத்தகத்தில் மாற்று அட்டவணை இருந்தது. வினாடி நூறைத் தாண்டிவிட்டால் ஏறக்குறைய 4.6-ஆல் வகுத்தால் சென்டிஸ்டோக்ஸ் வந்துவிடும். முந்நூறு வினாடி அறுபத்தைந்துக்குச் சற்று மேலே. கடையில் அதற்குக் கிடைப்பது 68-ஆம் நம்பர். நான் ஊற்றியதைத் திருப்பிப் பெருக்கினால் ஏறக்குறைய ஆயிரத்து நானூற்றெழுபது வினாடி. எங்கள் மெஷினுக்கு ஐந்து மடங்கு தடித்த எண்ணெய். பால் டின் பொய் சொல்லவில்லை.

4. வெள்ளிக்கிழமை

முதலாளி மறுநாள் வந்தார். எல்லம்மாவும் ஐஸுக்காக நின்றிருந்தார். என் பதிகத்தின் கடைசிப் பாட்டில் 'பிழை பொறுத்தருள்வாய்' என்னும் பொருளில் ஓர் அடி உண்டு. இறைவனிடம் அதை ஆயிரக்கணக்கான முறை தடையின்றிச் சொல்லியிருக்கிறேன். முதலாளி முன் நின்றபோது நாக்கு எழவில்லை. முனுசாமி கதவோரம் நின்றார். லாக் புத்தகத்தை அவரே முதலாளியிடம் நீட்டியிருக்கலாம்; என்னிடமே தந்தார். அது என்னை இன்னும் வருத்தியது.

தகட்டைக் காட்டினேன், லாக் புத்தகத்தைக் காட்டினேன்.

"அப்போ அவன் தூங்கலன்றீங்க?"

"அவன் முழிச்சினுதான் இருந்தான் முதலாளி. புக்குல எழுதியும் வச்சான். படிக்காதது நான்."

காயிலை வடித்துச் சுத்தம் செய்ய மூன்று நாள் பிளான்ட்டை நிறுத்த வேண்டும் என்றும் சொன்னேன். இறால் சீசன். முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எல்லம்மா சும்மா இருக்கவில்லை.

"மூணு நாளா? இறாலு உங்களுக்காவ காத்துக்கினு இருக்குமா மேஸ்திரி?" என்று என்னை ஒரு பிடி பிடித்துவிட்டு, முதலாளி பக்கம் திரும்பினார். "நான் மீஞ்சூர்லேர்ந்து ஐஸ் எடுத்தாந்துக்கறேன். அந்த ஆளை மட்டும் அனுப்பிடாதீங்க. எந்நேரம் வந்தாலும் கதவைத் தட்டறதுக்கு முன்னாலயே தொறக்கறவரு அவுரு."

முதலாளி லாக் புத்தகத்தை மூடி என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு முனுசாமியிடம், வடிக்கும் வேலையை இன்றே தொடங்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வடிக்கும் வேலைக்காகச் சனிக்கிழமை இரவும் முனுசாமி வழக்கம் போல ஷிப்டுக்கு வந்தார்.

நான்காம் நாள் 68-ஆம் நம்பர் எண்ணெயோடு மெஷினை ஓட்டினோம். அடுத்த நாள் எல்லம்மா ஒரு கட்டியை உடைக்க மூன்று அடி அடிக்க வேண்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

எந்த எண்ணைக் கண்டாலும் எதன் எண் என்று கேளுங்கள். பக்கத்தில் அலகு இல்லாவிட்டால் அது கிடைக்கும் வரை சுரண்டுங்கள். உங்கள் கீழ் வேலை செய்கிறவர் எழுதியதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் கற்றது இவ்வளவே.

அந்த ஆண்டு பெயின்ட் அடித்தபோது தகட்டை மட்டும் விட்டுவிட்டோம். அதற்கு மேலே முனுசாமி மஞ்சள் பெயின்ட்டில் தாமே எழுதினார்: 'ஆயில் 68 சென்டிஸ்டோக்ஸ். 300 செகண்டு. சாமி பாட்டு 1.' கடைசி வரியை அழிக்கச் சொன்னேன். அதுவும் அலகுதானே சாமி என்றார். சென்ற மாதம் போய்ப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது.