வாயை மூடிக்கொண்டு ஜெயித்தேன்

போன தை மாதம், வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் நடந்தது இது. சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொட்டிவிட்டு எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். ஈரப்பதம் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். காய வைத்துக் காவல் காக்கும் வேலை என்னுடையது. கையில் ஒரு புத்தகம்.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கியது. மனக்காயம் ஆறவும் உறவுகள் சீராகவும் வழி சொல்கிற புத்தகம். "இதைப் படிச்சுட்டு ஊருக்கே பஞ்சாயத்து பண்ணப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எனக்கு அது எதற்குத் தேவைப்பட்டது என்று அவருக்கும் தெரியும்.

என் தம்பியோடு எனக்குப் பேச்சு கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் எனக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் போன் வந்தது. பக்கத்து ஊரில் இருந்துகொண்டு, அம்மா முகத்தை உயிரோடு பார்க்க முடியாமல் போனது. காரியம் முடிந்த கையோடு கிளம்பி வந்தவள், அதன்பிறகு அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்தக் கோபம் அவனை என்ன செய்ததோ தெரியாது, என்னைத் தூங்கவிடவில்லை.

அன்றைக்குப் பார்த்து, எங்கள் குவியலுக்கு அடுத்த இடம் அவனுக்குக் கிடைத்தது. நெல்லைக் கொட்டினான். என்னைப் பார்த்தான், திரும்பிக்கொண்டான். நானும் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

மதியம் வீட்டுக்காரர் சாப்பிடப் போன நேரம், சடசடவென்று தூறல். எங்கள் தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் போதும். நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி ஓடிவந்து தன்னுடைய தார்ப்பாய் ஒன்றை எங்கள் நெல்மேல் விரித்தான். காற்று தூக்கியது. ஓரத்தை அமுக்கிக்கொண்டு இரண்டு பேரும் அதன்மேல் உட்கார்ந்துவிட்டோம். எழுந்தால் தார்ப்பாய் பறந்துவிடும்.

புத்தகத்தில் ஒரு பயிற்சி உண்டு. மனதில் இருப்பதைக் கேட்டுவிட வேண்டும். எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது. பிறகு, நமக்குப் புரிந்ததை அவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். படிக்கும்போது இது என்ன பெரிய வித்தை என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் யாரையும் ஒரு வாக்கியம் முழுசாக முடிக்க விட்டவள் இல்லை.

"ஏன்டா எனக்குச் சொல்லல?" என்றேன்.

"நீ வந்திருந்தா ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கியிருப்ப" என்றுதான் ஆரம்பித்தான்.

சுருக்கென்றது. பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்புறம் அவன் குரல் மாறியது.

"அம்மா பொழச்சிருவாங்கன்னுதான் நெனச்சேன்க்கா. ஒனக்குப் போன் பண்ணினா, போகப் போறாங்கன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. போனை எடுப்பேன், வச்சிருவேன்."

அவனுக்காக நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "ஒனக்குப் பயமா இருந்திருக்கு. தனியா கெடந்து பயந்திருக்க" என்றேன்.

அவ்வளவுதான். அத்தனை பேர் பார்க்க, தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். பிறகு என் வலியைச் சொன்னேன். அவனும் கடைசிவரை கேட்டான்.

திரும்பி வந்த வீட்டுக்காரர், நாங்கள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து வண்டிக்கு ஸ்டாண்ட் போடக்கூட மறந்து நின்றார். அன்றிலிருந்து புத்தகத்தைப் பற்றி ஒரு கிண்டலும் கிடையாது.

அம்மா முகத்தைப் பார்க்காத வலி போய்விடவில்லை. ஆனால் அந்த வலியைச் சொல்லி அழ, அதே அம்மா பெற்ற ஒருவன் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறான். வாழ்நாளெல்லாம் பேசியே ஜெயித்தவள் நான். ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால்தான் இன்றும் எனக்குத் தலை நிமிர்கிறது.