இடது முட்டி

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு உரக்கடை. யூரியாவும் பருத்தி விதையும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் எதுவும் வாங்க வருவதில்லை. அண்ணாச்சி இன்றைக்கு எந்தக் கபடி ஆட்டக்காரனைக் கிழிக்கிறார் என்று கேட்க வருவார்கள். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சோணைமுத்து ஆகிய நானும் அதற்குத்தான் போனேன். இதில் எனக்கும் பங்குண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி ஒரு நாளும் கபடி ஆடியவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் மூச்சிழுப்பு நோய்க்காரர் என்று அவரைக் கோட்டுக்குள்ளேயே விடவில்லை. வெளியே உட்கார்ந்து பாயிண்டு எழுதச் சொன்னார்கள். பதினேழு வயதில் அப்பா இறந்து போனதால் கல்லூரிக்கும் போகாமல் கடையில் உட்கார்ந்தார். அப்புறம் முப்பது வருஷம் பரளச்சி, திருச்சுழி, மல்லாங்கிணறு என்று எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் கடையை மனைவி ராஜேஸ்வரியிடம் விட்டுவிட்டுப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, ஆட்டம் அவருக்கு அத்துப்படி. டிவியில் புரோ கபடி ஓடும்போது எந்தப் பையன் எந்தப் பக்கம் பாயப் போகிறான் என்று அவன் காலைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார். நல்லது சொல்லத்தான் வாய் வராது.

கூட்டத்தில் நாங்கள் நிரந்தரமாக நாலு பேர். அண்ணாச்சி, நான், லாரி புக்கிங் ஆபீஸ் ராமசுப்பு, மிளகாய் வெள்ளாமை போடுகிற சம்சாரி வீரபாண்டி. உர மூட்டைகள்தான் நாற்காலி. யுனிவர்சிட்டி டீமில் யாரை எடுத்தார்கள், புரோ டீம்காரன் எவனை விட்டுவிட்டான், மண்ணில் ஆடி வளர்ந்தவன் ரப்பர் மேட் விரிப்பில் நிற்பானா என்று கத்திக்கொண்டே இருப்போம். ஆட்டம் முடிந்ததும் அண்ணாச்சி ஒரு நிமிஷம் தீர்ப்பு சொல்வார். நான் அதை வாய்ஸ் பிடித்து எங்கள் கபடி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். முந்நூறு பேருக்கு மேல் இருக்கிற குரூப். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் கபடி ஆடுகிற பையன்கள், பார்க்கிற பெரியவர்கள் எல்லோரும் அதில் உண்டு. அடுத்த நாள் டீக்கடைகளில் அவர் சொன்னதைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம், அதுவும் அண்ணாச்சி போட்டது. சொந்தக்காரனுக்குப் பரிந்து பேசக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராமசுப்பு வாய் தவறி, தன் தங்கச்சி மகன் யுனிவர்சிட்டி டீமில் ரிசர்வில் இருக்கிறான், அடுத்த வருஷம் இறங்கிவிடுவான் என்று சொல்லிவிட்டார்.

"ராமசுப்பு, உன் மருமகன் எட்டு ஆட்டமா பெஞ்சுலயே உக்காந்திருக்கான். அவன் விளையாட்டப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல. வேணும்னா அந்தப் பெஞ்சு எப்பிடி இருக்குன்னு கேட்டுச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

அதையும் நான்தான் போட்டேன். அந்தப் பையன் கல்லூரிக்குள் நுழைந்தாலே பெஞ்சைத் துடைத்துக் காட்டினார்களாம். அடுத்த மாசமே ஆட்டத்தை விட்டுவிட்டான். நாங்கள் அதற்கும் சிரித்தோம். ராமசுப்புவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். வேறு என்ன செய்வார் மனுஷன்.

அண்ணாச்சியின் ஒரே மகன் மாதவன். அருப்புக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரி மூன்றாம் வருஷம் படித்தான். அப்பாவைக் கோட்டுக்குள் விடாத ஊர்கள் எல்லாம் மகனை மாலை போட்டுக் கூப்பிட்டன. நல்ல ரெய்டர், எதிரணிக்குள் பாடிப் போகிறவன். வாயைத் திறக்காத பையன். அவன் விளையாட்டைப் பற்றி அண்ணாச்சி கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சட்டம் அவருக்கும்தானே. ஆனால் மகன் பெயர் பேப்பரில் வந்த நாளில் விதைப் பொட்டலம் கட்ட அந்தப் பக்கத்தை மட்டும் எடுக்க மாட்டார். அதை நாங்கள் கவனித்தோம், கேலி செய்யவில்லை. பயம்.

ஆடி மாசம் பரளச்சியில் நடந்த ஆட்டத்தில் மாதவனுக்கு இடது முட்டியில் அடி. மதுரை டாக்டர் பார்த்துவிட்டு, சவ்வு பாதி கிழிந்திருக்கிறது, தை வரைக்கும் ஆடாதே என்றார். ஐப்பசியில் ஒரு புரோ டீம் மதுரையில் இளையோர் தேர்வு வைத்திருந்தது. வயசுக் கணக்குப்படி மாதவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதை விட்டால் உரக்கடைதான். அப்பாவும் மகனும் கலந்து பேசி வெளியே சொல்லாமல் ஆடுவது என்று முடிவு பண்ணினார்கள். அதற்கு அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். முட்டியில் மாட்டுகிற 'கேப்' உறையை வலியில்லாத வலது காலில் போட்டுக்கொள்ள வேண்டியது. பிடிக்கிறவன் கேப்பைப் பார்த்து அதுதான் கெட்ட கால் என்று வலது பக்கமே விழுவான், இடது தப்பித்துக்கொள்ளும். மூன்று மாசம் அது பலித்தது. இது அப்போது வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது, கல்லூரிக் கோச்சுக்குக்கூட.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கல்லூரிகளுக்கு இடையிலான ஃபைனல். மழை பெய்து விதைப்பு தொடங்கிய நேரம், கடையில் கூட்டம் நெரிந்தது. அண்ணாச்சியால் போக முடியவில்லை. என் ஃபோனைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தோம். ஒரு பாயிண்டு பின்னால் இருக்கும்போது கடைசி ரெய்டு மாதவனுக்கு வந்தது. போனான். யாரையும் தொடாமல் முப்பது செகண்டும் நடுக்கோட்டை ஒட்டியே அலைந்துவிட்டுத் திரும்பினான். தோற்றார்கள்.

 விதை வாங்க வந்தவர்கள்கூட அண்ணாச்சி முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த ஒரு நாள் தீர்ப்புக் கேட்காமல் நாங்கள் மனுஷர்களாக இருந்திருப்போம். ராமசுப்பு விடவில்லை.

"என்ன லிங்கம், இன்னைக்குக் கோர்ட்டு லீவா? தீர்ப்பெல்லாம் எம் மருமகனுக்கு மட்டுந்தானா?"

அண்ணாச்சி கையில் இருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். "சோணை, ஃபோன எடு" என்றார்.

எடுத்தேன். அவர் வழக்கம்போல் நிதானமாகப் பேசினார்.

"பந்தல்குடி மாதவன். எம் மகன்னு பாக்க மாட்டேன். தைரியம் இல்லாத பய. கடைசி ரெய்டுக்குப் போறவன் ஆளத் தொடப் போகணும், வீட்டுக்கு வழி பாத்துக்கிட்டே போகக் கூடாது. ஆனா அவன இத்தன நாளும் பிடிச்ச பயலுகளுக்கும் மூள கெடையாது. பூராப் பேரும் கேப்பப் பாத்து வலது காலுக்கே விழுறானுக. வலது கால்ல ஒரு கொறையும் இல்ல. ஆடி மாசம் போனது இடது முட்டி. அதுல அவனால ஊணி நிக்க முடியாது. வலது பக்கம் ஆசை காட்டிட்டு இடது கணுக்காலப் பிடிச்சா ரெண்டாவது ரெய்டுலயே ஆளு வெளிய. ஆட்டத்தப் பாக்கக் கண்ணு வேணும்லே."

வீரபாண்டி தொடையில் தட்டி, "மனுசன்னா இவுகதான்யா" என்றார். விதைக்கு நின்றவர்களும் தலையாட்டினார்கள். அண்ணாச்சி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படி ஒரு நேர்மையான ஆளைப் பார்த்ததில்லை என்று எனக்கும் புல்லரித்தது. புல்லரித்த கையாலேயே அதைக் குரூப்பில் போட்டேன்.

டீ குடித்து முடித்து, ஒருவருக்குப் பருத்தி விதை நிறுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணாச்சி கை நின்றது.

"சோணை, அத அழிச்சிரு."

அழித்தேன். அதற்குள் நூற்றுப்பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். எத்தனை பேர் வேறு குரூப்புகளுக்கு அனுப்பினார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மாதவன் அந்தக் குரூப்பில் இல்லை. அப்பா மற்றவர்களைப் பேசுவதைக் கேட்கப் பிடிக்காமல் எப்போதோ வெளியேறிவிட்டான்.

திங்கட்கிழமை மாதவன் ஊருக்கு வந்தான். தேர்வு சனிக்கிழமை. நடந்ததை அவனிடம் சொன்னால் அவனே ஒரு முடிவு எடுத்துக்கொள்வான். கேப்பை மாற்றிப் போடுவானோ, போகாமலே இருப்பானோ, அது அவன் பாடு. ஆனால் சொல்ல வேண்டுமானால் தைரியம் இல்லாத பய என்று ஊருக்கே சொன்னதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும். அங்கேதான் அண்ணாச்சி நின்றுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கேட்டேன். "சொல்லிட்டீகளா அண்ணாச்சி?"

"சொல்லணும்."

புதன்கிழமை கேட்டதற்கு, "தேர்வுக்கு எந்தெந்த ஊருல இருந்தோ பயலுக வாரானுக. நம்ம குரூப்பையா கேட்டுக்கிட்டு இருக்கப் போறானுக?" என்றார்.

வியாழக்கிழமை எரிந்து விழுந்தார். "நீதான அனுப்புன? அம்புட்டு அக்கறைன்னா நீயே போய்ச் சொல்லு."

நானும் சொல்லவில்லை. அப்பன் பிள்ளை சமாச்சாரத்தில் நாம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு அப்படி ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மாதவன் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து அப்பா காலில் விழுந்தான். அண்ணாச்சி சாமி படத்துக்குக் கீழே இருந்து திருநீறு எடுத்துப் பூசினார். பஸ்ஸும் வந்துவிட்டது. அவர் உதடு அசைந்ததைப் பார்த்து, சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கேப்ப மறக்காம எடுத்துக்கிட்டியா?" என்றார்.

"எடுத்துக்கிட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டு மாதவன் பஸ் ஏறினான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. தேர்வு ஆட்டத்தில் ஒரு பையன் பிடித்ததில் மாதவனுக்கு இடது முட்டி மொத்தமாகப் போய்விட்டது. அண்ணாச்சியையும் ராஜேஸ்வரி அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு நான்தான் மதுரைக்கு ஓட்டினேன். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், ஆனால் இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதவன் அழவில்லை. "நல்ல பிடிம்மா. யாரு மேலயும் தப்பு இல்ல" என்று அவன்தான் அம்மாவைத் தேற்றினான். அக்கா குலதெய்வத்தைத் திட்டினாள், பரளச்சி மண்ணைத் திட்டினாள், முகம் தெரியாத ஒரு பையனைத் திட்டினாள். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் காலையில் அந்தப் பையனே வந்தான். மல்லாங்கிணறு பால்சாமி. பத்தொன்பது வயசு இருக்கும். கையில் ஒரு பை சாத்துக்குடி. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "முட்டி இப்பிடிப் போகும்னு சத்தியமா நெனைக்கலண்ணே" என்று மாதவனிடம் சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு போயிருக்கலாம். திரும்பி அண்ணாச்சியைப் பார்த்ததும் கை கூப்பினான்.

"ஐயா, என்னைய டீமுல எடுத்துட்டாகய்யா. நீங்க சொன்ன மாதிரியே வலது பக்கம் ஆசை காட்டிட்டு இடதுக்கு விழுந்தேன். இல்லன்னா அண்ணன எங்கிட்டு நான் பிடிக்க? சொந்த மகன்னு பாக்காமப் பேசுற மனுசன்னு எங்க ஊர்ல பூராப் பேரும் உங்களத்தான்யா பேசுறாக."

சொன்னவன் குனிந்து அண்ணாச்சி காலைத் தொட்டான். அவனிடம் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை, நன்றிதான்.

"எதத் தம்பி சொன்னாக?" என்றாள் ராஜேஸ்வரி அக்கா.

நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவன் ஃபோனை எடுத்துப் போட்டுவிட்டான். அண்ணாச்சியின் குரல் அந்த அறையில் நிதானமாகப் பேசியது. தைரியம் இல்லாத பய என்றது. ஆடி மாசம் போனது இடது முட்டி என்றது. பின்னால் வீரபாண்டி தொடையில் தட்டுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

முடிந்ததும் மாதவன், "எப்பப்பா பேசுனீங்க?" என்றான்.

அண்ணாச்சி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். மாதவன் என்னைப் பார்த்தான். "ஞாயித்துக்கெழம" என்றேன் நான்.

அவன் மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தான். அப்பாவைத் திட்டுவான், சாத்துக்குடியைத் தூக்கி எறிவான் என்று பயந்தேன். அவன் குரல்கூட உயரவில்லை.

"திங்கக்கெழம நான் வீட்டுக்கு வந்துட்டேனேப்பா. அஞ்சு நாளு ஒண்ணா உக்காந்து சாப்பிட்டமேப்பா."

பால்சாமிக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியது. பின்னாலேயே நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டான்.  அண்ணாச்சி கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"சோணைதான் அனுப்புனான்" என்றார்.

அது பொய் இல்லை. ராஜேஸ்வரி அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல், எதிர்த்து ஒரு சொல் பேசாமல் இருந்தவள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள்.

நாங்கள் வெளியே வந்தோம். அவள் கதவைச் சாத்தினாள்.