எதுக்கும் இருக்கட்டும்

வண்டியின் பின்கதவுக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் காலுறை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. பேசக் கூடாது. டிராயர் அக்கா படுத்திருக்கிறார். வண்டிக்குச் சொந்தக்காரர் எவ்வளவு அவசரமாக வந்திருந்தாலும் பக்கத்தில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். பத்து நிமிடம் போனபின் உள்ளேயிருந்து குரல் வரும்: "இடது தோள் இடிக்குது. நாலு இன்ச் தள்ளணும்." சில சமயம் குரல் வராது, குறட்டைதான் வரும். அளவு சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

"தூங்கிப் பாக்காம படுக்கை செய்யக் கூடாது தம்பி. செருப்பு வாங்கினா போட்டுப் பாக்கறோம்ல?"

நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டிகளை, ஆளில்லாத காடுமேடுகளில் வாரக்கணக்காகத் தங்குவதற்கு ஏற்றபடி மாற்றித் தருவது அவர் தொழில். பின்னிருக்கையைக் கழற்றுவார். படுக்கைப் பலகை, இழுப்பறை, தண்ணீர்த் தொட்டி, விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் தனியாக ஒரு பேட்டரி என்று ஒவ்வொன்றாக உள்ளே குடிவைப்பார். அதற்கு முன் இருபது வருடம் வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்துகொண்டிருந்தவர். "வீட்டு கிச்சன் ஒரே எடத்துல நிக்கும், எல்லாத்தையும் பொறுத்துக்கும். இது ஓடற கிச்சன். ஒரு ஸ்க்ரூ கோவிச்சுக்கிட்டாலும் ஊரைக் கூட்டிரும்" என்பார்.

அவர் கைவரிசை முழுக்க இழுப்பறையில்தான். அதனால் அந்தப் பெயர். நான் அம்மாவிடம் ஃபோனில், "வண்டிக்கு டிராயர் செய்யக் குடுத்திருக்கேன்" என்றேன். "வண்டிக்கா, உனக்கா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்க அவ்வளவு குளிரா?" என்றாள்.

இழுப்பறை செய்து முடித்ததும் உள்ளே ஆறு ஸ்பூன்களைப் போட்டுப் பட்டறைக்குப் பின்னால் உள்ள சரளைக்கல் பாதையில் வண்டியை விரட்டு விரட்டென்று விரட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறந்தால் முறைப்பார். ஸ்பூன் சத்தம் கேட்டால் திரும்பி வந்து மறுபடி கழற்றல். ஒருமுறை ஏதோ சிணுங்கியது. நிறுத்தி, இறங்கி, இழுப்பறைப் பக்கம் குனிந்து, "என்னம்மா? எங்க வலிக்குது?" என்று கேட்டார். அது என் வயிறு என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு கீலுக்கு எண்ணெய் போட்டார். நானும் நிம்மதியானதுபோல் தலையாட்டினேன்.

இத்தனைக்கும் அவர் ஒரு நாள்கூட வெட்டவெளியில் தங்கியதில்லை. "எனக்குக் கொசு ஆகாது. ஃபேன் ஓடலைன்னா தூக்கம் வராது. உங்களுக்கெல்லாம் வீட்ல என்ன குறை?"

எனக்கு வீட்டில் குறை ஒன்றுமில்லை. காடுதான் பயம். பிறகு ஏன் வண்டி வாங்கினேன் என்றால், அலுவலகத்தில் எல்லோரும் வார இறுதிகளில் மலை, ஆறு, பாலை என்று போய் முகம் கறுத்துத் திரும்பி வந்தார்கள். நான் திங்கட்கிழமைகளில் துணி துவைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வேற்றூரில் பிழைப்பவனுக்கு எல்லோரும் செய்வதைத் தானும் செய்துவிட வேண்டும் என்று ஒரு பதைப்பு உண்டு. மூன்று வார விடுமுறை, ஆற்றங்கரை, நான், மனைவி, மகள் என்று ஒரு நல்ல நேரத்தில் வீட்டில் வாய்விட்டேன். மகள் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பயணம் இரண்டு முறை ரத்தாயிற்று. முதல் முறை, ரெண்டாவது பேட்டரி இல்லாமல் எப்படிப் போவது என்றேன். அடுத்த முறை, வண்டிக் கூரைமேல் விரிக்கும் கூடாரத்தின் தையல் ஒன்று எனக்குத் திருப்தியாக இல்லை. "வண்டி இன்னும் தயாராகலை" என்று நான் சொல்லும்போதெல்லாம் மனைவி வண்டியைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்ப்பாள்.

டிராயர் அக்காவிடம் முதன்முதலாக என் பட்டியலை நீட்டியபோது அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வலது காதில் இருப்பது அளவு போட. இடது காதில் இருப்பது சிவப்பு, அடிக்க.

"ஜெனரேட்டர் எதுக்கு? பேட்டரி இருக்கு, மேல சோலார் தகடு இருக்கு."

"எதுக்கும் இருக்கட்டும்னு..."

"மண்வெட்டி ரெண்டு?"

"ஒண்ணு உடைஞ்சா... எதுக்கும்."

"முதலுதவிப் புத்தகம் ரெண்டு போட்டிருக்கீங்களே?"

ஒன்று தமிழ், இன்னொன்று ஆங்கிலம் என்று விளக்கினேன். படித்ததெல்லாம் இரண்டு மொழியில். அடிபட்டால் எந்த மொழியில் பதறுவேன் என்று எனக்கே தெரியாது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றிலிருந்து பட்டறையில் எனக்குப் பெயர் "எதுக்கும் தம்பி".

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவரை நான் ஜெயித்தேன். இடது பக்க அலமாரிக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் பலகை போதும் என்றார். எல்லா வண்டிக்கும் அதுதான். பதினெட்டு வேண்டும் என்றேன். போதும் என்றார். அன்று மாலைக்குள் பதினேழு செய்தி அனுப்பினேன். ஒரு படமும் வரைந்து அனுப்பினேன். அதில் அம்புக்குறியெல்லாம் இருந்தது. கடைசியில் பதில் வந்தது: "சரி. பதினெட்டு. போய்ச் சாப்பிடுங்க."

அலமாரி அழகாக வந்துவிட்டது. முகப்பில் ஒரு திருகு தெரியாது. மூன்று இழுப்பறைகளும் சுண்டுவிரலால் தொட்டால் போதும், சத்தமில்லாமல் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அக்கா அதைத் தினமும் காலையில் ஒரு பழந்துணியால் துடைப்பதை நானே பார்த்தேன். "அமைஞ்சுது தம்பி. எல்லாம் இப்படி அமையறதில்ல" என்றார். தன் வேலையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது.

கிளம்பும் நாள் காலை எட்டு மணிக்கு, மூட்டைமுடிச்சோடு மூவரும் பட்டறைக்குப் போய் இறங்கினோம். அக்கா சிவப்பில் அடித்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, அங்கிருந்து நேரே புறப்படுவதாகத் திட்டம். ஆனால் அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு: எடைச்சீட்டு பார்க்காமல் சாவி கிடையாது. பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் ஓர் எடைமேடை இருக்கிறது. வண்டியும் நாங்களும் சேர்ந்து அதில் ஏறினோம். எடைக்காரர் சன்னலுக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்: "மூவாயிரத்து நூத்தி அறுபத்திரெண்டு!"

வண்டி தாங்கும் உச்ச எடை என்று கதவோரத்துத் தகட்டில் எழுதியிருந்தது மூவாயிரத்து ஐம்பது.

"நூத்திப் பன்னெண்டு கிலோ அதிகம்" என்றார் அக்கா. "மேட்டுல ஏறும். பள்ளத்துல இறங்கும்போது அச்சு முறியும். ஆள் நடமாட்டம் இல்லாத எடத்துல முறியும். இறக்குங்க."

விமான நிலையத்தில் பெட்டியைத் தரையில் திறந்துபோட்டு உள்ளாடை தெரியப் பொருளை வெளியேற்றிய அனுபவம் எனக்கு உண்டு. இது அதைவிட மோசம். அங்கே வரிசையில் நிற்பவர்கள் அந்நியர்கள். இங்கே பட்டறையில் மனைவி பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் இறங்கியது. ஒரு மண்வெட்டி. மூன்று தீயணைப்பான். உதிரிச் சக்கரத்துக்கு உதிரிச் சக்கரம். இரண்டாவது கருவிப்பெட்டி. இரும்பு வாணலி. அக்கா ஒவ்வொன்றையும் பெட்டிக்குக் கொக்கி மாட்டி நிறுக்கும் கைத்தராசில் தூக்கிப் பார்த்துச் சுவரில் எழுதினார்.

"இது என்னப்பா?" என்றாள் மகள், உறைபோட்ட ஒரு கனமான கட்டைத் தூக்கி.

"நம்ம எல்லா ஆவணத்துக்கும் நகல். மூணு செட்."

"காட்டுல யாருப்பா கேப்பாங்க?"

முதலுதவிப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு எதை விடுவது என்று நான் தடுமாறுவதைப் பார்த்த மனைவி இரண்டையும் வாங்கிக் கீழே வைத்தாள். "நான் நர்ஸுங்கறது ஞாபகம் இருக்கா?"

மறுபடி எடைமேடை. "மூவாயிரத்து அறுபத்திநாலு!" என்றது ஒலிபெருக்கி.

இன்னும் பதினான்கு கிலோ. வண்டியில் மிச்சமிருந்தது தண்ணீர், அரிசி பருப்பு, மருந்து, போர்வை, கூடாரம், நாங்கள். தண்ணீரைக் குறைக்கலாமா என்று கேட்டேன். அக்கா தொட்டி மூடியை இன்னும் இறுக்கினார். அந்த இடத்தில், ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. ரத்து செய்ய ஒரு நாணயமான காரணம், அதுவும் எண்ணாக, அச்சடித்த சீட்டோடு என் கையில்.

"அப்போ... அக்கா வேற அலமாரி செஞ்சு தரட்டும். அடுத்த லீவுல போலாம். பாதுகாப்புதானே முக்கியம்?"

மனைவி வண்டியை விட்டு இறங்கவில்லை. குரலும் உயரவில்லை. "அடுத்த லீவு இல்லைங்க. இந்த லீவோட சரி. இன்னிக்குக் கிளம்பலைன்னா வண்டியை வித்துருவோம். நீங்க நிம்மதியா இருங்க. நானும் இவளும் இனிமே பஸ்ல போய்க்கறோம், பஸ் எங்க போகுதோ அங்க."

"அப்பாவை எறக்கிட்டா எத்தனை கிலோ குறையும்?" என்றாள் மகள். கேலியில்லை, உண்மையாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எடைக்காரர் ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தார். அவர் சிரிப்பது தெருவுக்கே கேட்டது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வண்டிக்குள் தலையை நீட்டி இடது பக்க அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அம்பத்தோரு கிலோ" என்றார், யாரிடமும் இல்லை. "பன்னெண்டுல செஞ்சிருந்தா முப்பத்தஞ்சு. அந்தப் பதினாறு கிலோ இல்லாம இருந்தா இந்நேரம் பெட்ரோல் பங்க் தாண்டியிருப்பீங்க."

"நான்தான் அக்கா பதினெட்டு கேட்டேன்" என்றேன். வாழ்க்கையில் எப்போதாவது தப்பை ஒத்துக்கொண்டால் அது இப்படி உபயோகமில்லாத நேரத்தில்தான் வரும்.

"நீங்க பயந்தீங்க, கேட்டீங்க. பயந்த ஆள் பேச்சைக் கேட்டு அளவு போட்டது யாரு? நான்தானே." திரும்பி மனைவியைப் பார்த்தார். "துணிப்பை இருக்காம்மா? பாத்திரம், அரிசியெல்லாம் பையில போட்டு வலையில கட்டிக்கலாம். கொஞ்சம் கடகடன்னு சத்தம் வரும்."

"வரட்டுமே" என்றாள் மனைவி. இறங்கினாள்.

வண்டி பட்டறைக்குத் திரும்பியதும் அக்கா திருப்புளியை எடுத்தார். முகப்பில் ஒன்றும் தெரியாதபடி மறைத்துவைத்த திருகுகளை அவர்தானே கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் கை தயங்காமல் போயிற்று. எட்டுத் திருகு. உதவிக்கு வந்த என்னை, "கால்ல போட்டுக்காதீங்க, அப்புறம் அதுக்கு ஒரு லீவு" என்று விலக்கினார். மனைவி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் தூக்கி இறக்கினார்கள். காலியான இடத்தில் பைகள் குவிந்தன. வலை இறுகியது. மூன்றாம் முறை ஒலிபெருக்கி, "மூவாயிரத்துப் பதிமூணு!" என்றபோது மகள் ஏற்கனவே தன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சாவியைத் தந்துவிட்டு அக்கா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வண்டியை வெளியே எடுக்கும்போது பக்கக் கண்ணாடியில் தெரிந்தார். பட்டறைக்குள் அந்த அலமாரியைத் தனியாகவே மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். மூலையில் சேர்த்து, முன்கையால் ஒரு தடவை அதன் மேலே துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, முகப்பு சுவரைப் பார்க்கும்படி வைத்தார்.